நூற்றைம்பத்தாறாவது துணி

கமலவேணி டீச்சரின் அலமாரி பத்தொன்பது மார்க் வாங்கியிருந்தது. நூற்றுக்குத்தான். கரூரில் முப்பது வருடமாகக் கணக்குப் பாடம் நடத்தி, பத்தொன்பது வாங்கின பிள்ளைகளையெல்லாம் அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னவளுக்கு இப்படி ஒரு நாள் வந்திருக்க வேண்டாம்.

மார்க் போட்டது துணி வாரியத்திலிருந்து வந்த பெண். செந்தாமரை என்று பெயர் சொன்னாள். முப்பது வயது இருக்கலாம். நெற்றியில் சின்னப் பொட்டு, தோளில் ஒரு பை, கையில் சோப்புக் கட்டி அளவில், துணியின் இழையைப் படிக்கிற இழைமானி. அலமாரிக் கதவைத் திறந்ததும் மேல்தட்டிலிருந்து ஒரு மூட்டை பொத்தென்று அவள் காலடியில் விழுந்தது. அதை எடுத்து மேலே வைத்தாளே தவிர வாயைத் திறக்கவில்லை. ஏதாவது சொல்லித் தொலைத்திருந்தால்கூட கமலவேணிக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"மொத்தம் முந்நூத்திப் பத்து துணிங்க," என்றாள் செந்தாமரை. "அதுல அறுபத்தொண்ணுதான் உடுத்தறீங்க."

"எல்லாமே உடுத்தறதுதானுங்களே அம்மிணி! ஒரு விசேஷம்னா எடுத்துக் கட்டறதுதான்."

"கட்டியிருந்தா நூலு சொல்லுமுங்."

"நூலு எப்படிங் சொல்லும்?" என்று கேட்டார் சம்பந்தம். கமலவேணியின் கணவர். மின்கம்பம் ஏறி ஏறியே ஓய்வு பெற்ற மனிதர். எதையும் கழற்றிப் பார்த்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும்.

செந்தாமரை ஒரு சேலையின் ஓரத்தைத் திருப்பிக் காட்டினாள். "இந்தக் கருப்பு இழை பாருங்க. சட்டத்துக்கு முன்னயிருந்தே எல்லாத் துணியிலயும் சேர்த்து நெய்யறதுதானுங். உடம்புச் சூடு பட்டா முழிச்சுக்கும். நடக்கற தினுச வெச்சு ஆளைப் பிரிச்சுக்கும். பேரெல்லாம் அதுக்குத் தெரியாதுங். ஒண்ணாவது ஆளு, ரெண்டாவது ஆளுன்னு எண்ணு போட்டுக்கும். வருஷத்துல மூணு தடவை, தடவைக்கு நாலு மணி நேரம் உடம்புல இருந்தா அது உபயோகத்துல இருக்கற துணி. இல்லாட்டி சும்மா கெடக்கற துணி. பாதிக்குப் பாதி உபயோகத்துல இருந்தாத்தான் புதுசு வாங்க அனுமதி."

இந்தச் சட்டம் வந்து நாலு வருடம் ஆகியிருந்தது. பருத்தி விளைந்த காடுகளுக்குக் குடிதண்ணீரே இல்லாமல் போனபின், பட்டுக்கும் பருத்திக்கும் சேர்த்தே பூட்டுப் போட்டுவிட்டார்கள். கமலவேணி இதுவரை அதைக் கண்டுகொள்ளவில்லை. இருக்கிற துணியே அலமாரியில் பிதுங்கும்போது புதுசுக்கு என்ன அவசரம்? இப்போது அவசரம் வந்துவிட்டது. மகள் நிறைமதிக்கு ஆவணியில் கல்யாணம். கூறைப்பட்டு மாப்பிள்ளை வீட்டார் எடுப்பதுதான் வழக்கம். ஆனால் சேலை எந்த அலமாரிக்குப் போய்ச் சேருமோ அந்த அலமாரியின் மார்க்தான் பார்ப்போம் என்கிறது வாரியம். ஜாதகம் பொருந்தி, பெண்ணுக்கும் பையனுக்கும் மனம் பொருந்தி, கடைசியில் அலமாரி பொருந்தவில்லை என்று சம்பந்தி வீட்டில் போய் எந்த முகத்தோடு சொல்வது?

"பழசையெல்லாம் யாருக்காச்சும் குடுத்துப் போட்டா?" என்று கேட்டாள் கமலவேணி.

"மனு போட்டப்பறம் கழிக்க முடியாதுங். எல்லாரும் குப்பையில கொண்டு போய்க் கொட்டிருவாங்கன்னு அப்படி வெச்சிருக்காங்க. புதுசா சேர்ந்தா மட்டும் சேரும். அறுவது நாள் இருக்குதுங். ஆடி கடைசியில வந்து மறுபடி பார்க்கறேன்." இழைமானியை அலமாரியின் பக்கவாட்டில் ஒட்டி வைத்தவள், அதில் ஓடிய பட்டியலை ஒருமுறை மேலிருந்து கீழே பார்த்தாள். ஓரிடத்தில் கொஞ்சம் நின்றாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அன்றைக்கே கமலவேணி கூடத்தில் பாயை விரித்து அலமாரியைக் கவிழ்த்தாள். நல்ல நாளுக்கு இருக்கட்டும் என்று எடுத்து வைத்த சேலை மட்டும் முப்பத்தெட்டு. நல்ல நாள் வருடத்துக்கு நாலு வருகிறது. அந்தக் கணக்கில் இருக்கிறதை ஒரு சுற்றுக் கட்டி முடிக்கவே கிட்டத்தட்டப் பத்து வருடம் வேண்டும். பிறகு ரவிக்கைத் துணிகள். வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுத்தது, வளைகாப்பில் கொடுத்தது, கொலுவில் கொடுத்தது என்று தைக்காமலே அறுபத்து மூன்று. அதில் ஒரு பச்சைத் துணியை அவள் நன்றாகவே அடையாளம் கண்டாள். ஆறு வருடத்துக்கு முன் எதிர்வீட்டுக்கு அவளே வைத்துக் கொடுத்தது. ஊரெல்லாம் சுற்றிவிட்டு ஊசி படாமல் பத்திரமாகத் திரும்பி வந்திருக்கிறது.

மறுநாளிலிருந்து ஆரம்பித்தது கூத்து. காலையில் ஒன்று, பள்ளிக்கூடம் விட்டு வந்து ஒன்று என்று கமலவேணி கட்டினாள். காஞ்சிப் பட்டில் வந்து கரும்பலகையில் முக்கோணம் போட்ட டீச்சரைப் பார்த்துப் பத்தாம் வகுப்பு வாயைப் பிளந்தது. சம்பந்தம் பட்டு வேட்டியில் பால் வாங்கப் போனார்.

"ஏனுங், யார் ஊட்டுல விசேஷம்?" என்று பால்காரர் கேட்டார்.

"எங்க அலமாரிக்குத்தானுங்," என்றார் சம்பந்தம்.

அவசரத்துக்காகத் தொடங்கியதில் போகப் போக ஒரு சுவாரசியம் வந்துவிட்டது கமலவேணிக்கு. அடுக்கி வைத்தால் அடியில் இருப்பது அடியிலேயே கிடக்கிறது. மாட்டி வைத்தால் கை தானாகப் போகிறது என்று கண்டுபிடித்தாள். இந்தச் சேலைக்கு இந்த ரவிக்கைதான் என்று பிறந்த நாள் முதலாய்ச் சட்டம் மாதிரி வைத்திருந்ததை உடைத்து, மஞ்சளுக்கு நீலத்தைப் போட்டுப் பார்த்தாள். நன்றாகவே இருந்தது. இத்தனை அழகை இருட்டில் போட்டுவிட்டு நாலு வெளுத்த சேலையிலேயே இத்தனை காலம் ஓட்டியிருக்கிறோமே என்று தன்மேலேயே கோபம் வந்தது. யாருக்காகக் காத்திருந்தாள்? யாரும் வரவில்லை, வயதுதான் வந்தது.

மூன்றாவது வாரத்தில்தான் அந்த இடறல். பட்டியலில் முந்நூற்றுப் பத்து. கையில் முந்நூற்று ஒன்பது. கணக்கு டீச்சருக்கு ஒன்று இடித்தால் தூக்கம் வருமா? ஒவ்வொன்றாய்ச் சரிபார்த்து இருநூற்று ஏழாவது வரியில் பிடித்தாள். பட்டு. அரக்கு நிறம். உடுத்திய தடவை பதினொன்று. உடுத்தியவர்கள் பதினொரு பேர்.

ஒரே சேலை, பதினொரு பேர், ஆளுக்கு ஒரே தடவை. இது என்ன விசித்திரம்? தேதிகளைத் தாளில் எழுதிக்கொண்டு சுவரிலிருந்த காலண்டரையும் பழைய பஞ்சாங்கங்களையும் புரட்டினாள். பதினொன்றும் முகூர்த்த நாள். ஐந்து மணி நேரம், ஆறு மணி நேரம் என்று ஒவ்வொருத்தியும் கட்டி அவிழ்த்திருக்கிறாள். நாலாவது ஆள் மட்டும் பத்தொன்பது மணி நேரம். கடைசி இரண்டு பேர்தான் இந்த வருடக் கணக்கில் வந்தவர்கள். சேலை இந்த வீட்டுக்குள் நுழைந்த தேதி, நிறைமதி சித்திரைக்கு வந்துவிட்டுப் போன தேதி.

வீட்டுக்குள் எங்கே கிடந்தாலும் இழைமானி எண்ணிவிடும்; மகளின் அறையில் தலையணை உறைக்குள் இருந்தது அது. அரக்குப் பட்டு, விரல் அகல ஜரிகை. மடிப்பு கலையாமல் யாரோ பொறுப்பாக வைத்திருந்தார்கள். கமலவேணி உடனே கோயம்புத்தூருக்குப் போன் போட்டாள்.

"பார்த்துட்டீங்களாம்மா?" என்றாள் நிறைமதி. மறைக்கவெல்லாம் இல்லை. "எங்க ஹாஸ்டல் சீலைங்ம்மா அது. அனுமதி கெடைக்கற ஊட்டுல பட்டு எடுக்க வசதியில்ல. வசதி இருக்கற ஊட்டுல அனுமதி கெடைக்கறதில்ல. அதனால ஒண்ண வாங்கி ஆளாளுக்குக் கட்டிக்கறோம். மண்டபத்துல புதுசுன்னு சொல்லிக்குவோம். கட்டின பட்ட இப்படி அலமாரி விட்டு அலமாரி சுத்த விடறது தப்புங்கறதால ஒளிச்சு வெச்சிருக்கோம். நானும் அதைத்தான் கட்டிக்கப் போறேன்."

"கூறைச்சீலைய ஒருத்தி கட்டி அவுத்ததுக்கப்பறம் இன்னொருத்தி கட்டுவாளா கண்ணு? கோடி மணம் மாறாம இருக்கோணும்டா."

"பதினொரு பேரு கட்டியாச்சுங்ம்மா. எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க." பொய் சொல்லத் தெரியாத பெண். "நாலாவதா கட்டின அக்காவோட ஊட்டுக்காரர் மட்டும் ஆறு மாசத்துல பைக் விபத்துல போயிட்டாரு. அதுக்கும் சீலைக்கும் என்னங்ம்மா இருக்குது? அவங்களுக்கு அப்பறம் ஏழு பேரு கட்டியிருக்காங்க. நீங்க கணக்கு டீச்சர்தான?"

கணக்கு டீச்சர்தான். ஆனால் அந்த நிமிடம் கமலவேணிக்கு ஏழு பேர் தெரியவில்லை. ஒருத்தி மட்டும்தான் தெரிந்தாள். அவள் பெயர் என்ன, இப்போது எங்கே இருக்கிறாள், எப்படி இருக்கிறாள் என்று கேட்கவும் தோன்றவில்லை. நாலாவது ஆள். அது போதுமாக இருந்தது. புதுச் சேலை எடுக்காமல் இந்தக் கல்யாணம் நடக்காது என்று போனை வைத்தாள். பெற்ற வயிறு, பயம் என்று வந்தபின் அதற்கு வகுத்தல் பெருக்கல் எல்லாம் ஏறாது.

அதற்கப்புறம் இன்னும் மூர்க்கமாகக் கட்டினாள். ரவிக்கைத் துணிகளில் பாதியைத் தைக்கக் கொடுத்தாள். ஆடி கடைசி வெள்ளிக்கிழமை, நாள் முடிய நான்கு நாள் இருக்கும்போது, நூற்றைம்பத்தைந்தைத் தொட்டுவிட்டாள். முந்நூற்றுப் பத்தில் சரிபாதி. சம்பந்தம் அன்றைக்குப் போண்டா வாங்கி வந்தார்.

கடைசி நாள் காலையில் இழைமானியைப் பார்த்தால் மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு என்கிறது.

கமலவேணிக்கு உச்சந்தலையில் சுரீரென்றது. அந்த வெள்ளிக்கிழமையே இரண்டு வீட்டில் தாம்பூலத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், ஆளுக்கொரு ரவிக்கைத் துணி. வாங்கி வந்ததைக் கை பழக்கத்தில் அலமாரியில் வைத்திருக்கிறாள். தாம்பூலத்தில் வந்ததை யாராவது வேண்டாம் என்பார்களா? அதில் விழுந்தது அடி. இப்போது நூற்றைம்பத்தாறு வேண்டும். மற்றதெல்லாம் இன்னும் இரண்டு தடவை, மூன்று தடவை கட்ட வேண்டியவை. ஒரே ஒரு தடவை பாக்கியிருப்பது பட்டியலில் ஒன்றுதான். இருநூற்று ஏழாவது வரி.

பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு வெகுநேரம் அந்தச் சேலையின் எதிரில் உட்கார்ந்திருந்தாள். பதினொன்றரைக்கு எழுந்து கட்டினாள். கட்டியதும் முதல் காரியமாக ஆணியில் தொங்கிய பைக் சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"சந்தைக்குப் போகோணும், சாவியக் குடு," என்றார் சம்பந்தம்.

"மூணரை மணி வரைக்கும் நீங்க வாசப்படி தாண்டக் கூடாது."

"எதுக்கு?"

"சொன்னாக் கேளுங்க."

அவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளறைக்குப் போய், ஒரு பழைய மின்விசிறியைக் கழற்றத் தொடங்கினார்.

இரண்டே முக்கால் மணிக்குச் செந்தாமரை வந்து நின்றாள். கமலவேணியின் உடம்பிலிருந்த சேலையைப் பார்த்தாள். பிறகு இழைமானியைப் பார்த்தாள். "இன்னும் நாப்பத்தஞ்சு நிமிஷம் ஆகோணுங். உக்கார்ந்துக்கட்டுங்களா?"

"உக்காருங்க அம்மிணி, காப்பி குடிங்க." காப்பியைக் கொடுத்தபின் கமலவேணிக்கு இருப்புக் கொள்ளவில்லை. பட்டியலில் பதினொரு ஆள் இருப்பதைப் பார்க்கத்தானே போகிறாள். நாமே சொல்லிவிட்டால் மரியாதை என்று, ஹாஸ்டல் கதை முழுவதையும் ஒப்பித்தாள். "பொண்ணுங்க தெரியாமப் பண்ணிட்டாங்க. நீங்கதான் பெரிய மனசு பண்ணோணும்."

"மொத நாளே பட்டியல்ல பார்த்தேனுங். எழுதலை."

கமலவேணிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்த வேகத்தில் வாயும் திறந்துகொண்டது. "உங்களாட்ட ஆளு வந்தது என்ற புண்ணியம். இதையே கட்டிக்கறேன்னு எம் பொண்ணு ஒத்தக் கால்ல நிக்கறா. நான் எப்படி விடறது? நாலாவதா ஒருத்தி கட்டியிருக்கா, அவ ராசி, ஆறே மாசத்துல புருஷன் பைக்குல போய்ச் சேர்ந்துட்டான். அது ஒட்டின சீலை இது. வேற வழியில்லாம நாலு மணி நேரம் நான் கட்டிக்கிட்டு நிக்கறேன். பாருங்க, எங்க ஊட்டுக்காரரு பைக் சாவிய இடுப்புல செருகி வெச்சிருக்கேன்!" சொல்லிவிட்டுச் சாவியை எடுத்துக் காட்டி, தன் பைத்தியக்காரத்தனத்துக்குத் தானே சிரித்தாள்.

செந்தாமரை சிரிக்கவில்லை. சாவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு நானும் இப்படி ஒளிச்சு வெச்சிருக்கலாமுங்," என்றாள்.

கமலவேணிக்குப் புரிய ஒரு விநாடி ஆனது. புரிந்ததும் கையிலிருந்த சாவியை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. வெட்கத்தில் காது இரண்டும் எரிந்தன. பூமி பிளந்தால் போய்விடலாம் போலிருந்தது. உள்ளே சம்பந்தம் மின்விசிறியைத் தட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"நீங்க சொன்னதுல புதுசா ஒண்ணுமில்லீங்," என்றாள் செந்தாமரை. "அப்பல்லாம் யாராச்சும் போயிட்டா கொஞ்ச நாள்ல மறந்துருவாங்க. இப்ப நூலு மறக்கறதில்ல. அது எண்ணு மட்டும்தான் போடுது. ராசி கீசியெல்லாம் நாமதான் எழுதிக்கறோம். வாரியத்துல வேலைக்கு எழுதிப் போட்டதே, இது எப்படித்தான் எழுதுதுன்னு பார்க்கலாம்னுதான்."

கமலவேணி தலை குனிந்தபடியே இருந்தாள். மன்னிப்புக் கேட்க வேண்டும். ஆனால் வாயில் வந்தது கேள்விதான். தெரிந்துகொள்கிற ஆசை அவளுக்கு வியாதி மாதிரி. "பத்தொன்பது மணி நேரம் கட்டியிருந்தயே கண்ணு, ஏன்?"

அப்போதுதான் செந்தாமரையின் முகம் லேசாக மலர்ந்தது. "மழைங். தாலி கட்டி ஊட்டுக்குக் கெளம்பினோம், பாலத்துக்கு மேல தண்ணி. பஸ் ஸ்டாண்டுலயே விடிய விடிய உக்கார்ந்திருந்தோம். மாத்துத்துணிப் பெட்டி வேற வண்டியில போயிருச்சு. அவரு மாலையக் கழட்டி ஒரு ஆட்டுக்குட்டிக்குக் குடுத்துட்டாரு. அது ஒவ்வொரு பூவா தின்னு முடிச்சு, என்ற முந்தானையையும் மெல்ல வந்துருச்சு. அப்படி நான் சிரிச்சதே இல்லீங்."

இழைமானி க்ளிக் என்றது. மூன்றரை. முந்நூற்றுப் பன்னிரண்டில் நூற்றைம்பத்தாறு.

செந்தாமரை அதிகாரியாக மாறி, பலகை மாதிரியிருந்த திரையை நீட்டினாள். "அனுமதி வந்துருச்சுங். கட்டை விரல் வைங்க. நாளைக்கே போய் எடுத்துக்கலாம்."

கமலவேணி விரலை வைத்தாள். அறுபது நாள் பாடு. அதை விட அவளுக்கு மனம் வரவில்லை. வைத்தபின் சொன்னாள். "ஆவணி பதினொண்ணு கல்யாணம். வந்துரோணும்."

"வர்றேனுங். மத்தியானப் பந்திக்கு வந்துட்டுப் போறேன்."

"பந்திக்கில்ல. காலையில நாலு மணிக்கே வரோணும். பொண்ணுக்குச் சீலை கட்டி விட ஆளு வேணும்."

செந்தாமரை நிமிர்ந்தாள். "புதுச் சீலைக்குங்களா?"

"புதுசை உங்க ஹாஸ்டலுக்குக் குடுத்துடலாம். இன்னும் எத்தனை பொண்ணுங்க இருக்காங்களோ." கமலவேணி தன் மடியிலிருந்த அரக்குப் பட்டை இரண்டு கையாலும் தடவினாள். பயம் போய்விட்டது என்று சொன்னால் பொய்; அது அடிவயிற்றில் இருந்த இடத்திலேயே இருந்தது. "எம் பொண்ணுக்கு இதுதான். நீதான் கட்டி விடோணும். சம்பந்தி ஊட்டுல யாராச்சும் ஏதாச்சும் கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன்."

செந்தாமரை இழைமானியைக் கழற்றிப் பைக்குள் போட்டாள். எழுந்தாள். வாசல் பக்கம் இரண்டடி வைத்தவள் திரும்பி, கமலவேணியைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள்.

"எட்டுக் கொசுவம் வெச்சிருக்கீங்களா?"

"ஆமா. எப்பவும் எட்டுத்தான்."

"அதான் நிக்க மாட்டேங்குது. இந்தச் சீலைக்கு ஆறுக்கு மேல வெச்சா இடுப்புல தங்காதுங். அவுத்துட்டுக் கட்டறேன், இப்படி நில்லுங்க."

கமலவேணி பைக் சாவியை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றாள்.